பிள்ளைங்களோட சேந்து குருவிக்கு தீனித் தொட்டி செய்யறது: எல்லாரும் கேக்குற கேள்விங்க

எங்க ஊரு மலேசியாவுல, பேராக் மாநிலத்துல, சுங்கை சிப்புட் பக்கம். ஒரு பக்கம் செம்பனை (எண்ணெப் பன), இன்னொரு பக்கம் மிச்சம் மீதி இருக்கற கித்தா (ரப்பர்) காடு, நடுவுல ஒரு கடைத்தெரு, ஒரு தாமான் (குடியிருப்பு), பழைய லயத்துல, அதான் தோட்டத்து வரிச வீட்டுல, நாலஞ்சு குடும்பம். நான் வீட்டுலயே பிள்ளைங்கள பாத்துக்கறவ, மூணு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் ஆறு பேரு. ஒரு நாள் சும்மா ஒரு சிரட்டையில அரிசி போட்டு மாமரத்துல கட்டினோம், அதுல இருந்து அம்மாங்க எல்லாம் பிள்ளைய கூட்டிட்டுப் போக வரும்போது மோட்டார நிறுத்திட்டு அதே கேள்விங்களத்தான் கேக்கறாங்க. அதான் மொத்தமா எழுதி வச்சுட்டேன்.

அக்கா, மொதல்ல எத வச்சு செய்யறது? கடையில போயி ஏதாச்சும் வாங்கணுமா?

ஒண்ணும் வாங்க வேணாம், தேங்கா சிரட்டை போதும். தேங்காய ஒடைக்கும்போது ரெண்டு பாதி வரும்ல, அதுல கண்ணு இருக்கற பாதிய எடுத்துக்குங்க. மூணு கண்ணுல ஒண்ணு எப்பவும் மெதுவா இருக்கும், ஸ்குரூ டிரைவர வச்சு அமுக்கினா சட்டுனு ஓட்டை விழுந்துரும். மழத்தண்ணி எறங்கறதுக்கு அதுவே வழி, தனியா டிரில் போட வேணாம். ஆனா சின்ன தானியம் அந்த ஓட்டை வழியா கொட்டும், அதனால உள்பக்கமா கொஞ்சம் தேங்கா நார வச்சு அடைச்சிருங்க, தண்ணி எறங்கும் தீனி எறங்காது.

ஓரத்துல சம தூரத்துல மூணு ஓட்டை போடுங்க, இதுக்கு டிரில் இருந்தா நல்லது, இல்லனா ஆணிய அடுப்புல பழுக்க காய வச்சு இடுக்கியில பிடிச்சு குத்தலாம், பெரியவங்கதான் செய்யணும். மூணுலயும் சணல் கயிற கோத்து மேல ஒண்ணா முடிச்சு போட்டா தொட்டி ரெடி. தாங்சி கயிறு வேணாம், அதான் மீன் தூண்டில் நைலான், அது மெல்லிசா இருக்கறதால பறவை கால்ல சுத்திக்கும். ராஃபியாவும் நார் நாரா பிரிஞ்சு அதே தொல்லதான்.

தண்ணி போத்தல்ல மரக்கரண்டி சொருகி செய்யறாங்களே, அது நல்லா இல்லையா?

பாக்க அழகா இருக்கும், பிள்ளைங்களுக்கும் அதுதான் பிடிக்கும். ஒன்றரை லிட்டர் போத்தல்ல குறுக்கால ரெண்டு மரக்கரண்டிய சொருகி, கரண்டியோட குழி இருக்கற பக்கத்து ஓட்டைய மட்டும் கொஞ்சம் பெருசா வெட்டணும், அப்பதான் தீனி கரண்டிக்குள்ள வந்து விழும். வெட்டின எடத்துல டேப் ஒட்டுங்க, பிளாஸ்டிக் ஓரம் பிள்ளைங்க விரலையும் கிழிக்கும் பறவை காலையும் கிழிக்கும்.

நம்ம ஊர் வெயிலுக்கு அது ஒத்து வர்றது கஷ்டம்னுதான் நான் சொல்லுவேன். மத்தியானம் வெயில், நாலு மணிக்கு இடி மழ, உள்ள ஆவி பிடிச்சு தானியம் கட்டி தட்டி பச்ச பூஞ்சணம் வந்துரும். செய்யறதா இருந்தா அடியில ஆணியால நாலஞ்சு ஓட்டை போட்டு, நாலு விரல் உயரத்துக்கு மேல தீனி நிரப்பாதீங்க. புறா மாதிரி குண்டு பறவை அந்தக் கரண்டி மேல உக்கார முடியாது, சிட்டுக்குருவியும் சில்லையும்தான் வரும்.

மூணு வயசுப் பிள்ளைக்கு இதுல என்ன வேல குடுக்கறது? எல்லாத்துக்கும் கத்தியும் ஆணியுமா இருக்கே

செய்யறது அர மணி நேர வேல, அதுல பிள்ளைக்கு பெருசா ஒண்ணும் இல்லதான். சிரட்டைய தேங்கா நாராலயே தேய்க்கறது, கயிற ஓட்டைக்குள்ள விடறது (கயிறு முனையில டேப் சுத்தி குடுங்க, ஷூ லேஸ் முனை மாதிரி ஆயிரும்), அவ்ளோதான். அஞ்சாறு வயசுன்னா முடிச்சு போட சொல்லிக் குடுக்கலாம்.

ஆனா அதுக்கப்புறம் தெனம் தெனம் செய்யறது இருக்கே, அது முழுக்க அவங்க வேல. காலையில பால் பவுடர் டின்னுக்குள்ள இருக்கற கரண்டியால ஒரு கரண்டி தீனி போடறது, சாயந்திரம் மிச்சத்த கொட்டறது, எத்தன வந்துச்சுன்னு எண்றது. என்கிட்ட இருக்கற மூணு வயசுக்காரி பத்து வரைக்கும் எண்ணக் கத்துக்கிட்டது மைனாவ பாத்துதான், ஏழு மட்டும் இன்னும் விட்டுருவா. ஒண்ணு மட்டும் பாத்துக்குங்க, கச்சான் கொட்ட (நெலக்கடல), சோளம் இதெல்லாம் சின்னதுங்க வாயில போட்டு தொண்டையில அடைக்கும், அதனால தீனி டப்பா உயரத்துல இருக்கட்டும். நீளக் கயிறும் அவங்க கழுத்துல மாட்டி விளையாட ஆரம்பிச்சுருவாங்க, வெட்டி குடுங்க.

என்ன தீனி போடறது? பச்சரிசி போட்டா வயித்துல ஊறி வெடிச்சு செத்துப் போயிரும்னு மாமியார் சொல்றாங்க

அது வெறும் கத. வயல்ல நெல்ல தின்னு வளர்ற பறவைங்க எத்தன, ஒண்ணாவது வெடிச்சுதா? பறவைக்கு பல்லு இல்ல, ஆனா தானியத்த அரைக்கறதுக்கு வயித்துல தனியா ஒரு அரவ மில்லே இருக்கு, சின்னச் சின்ன கல்ல முழுங்கி வச்சு அதுல போட்டு அரைச்சுக்கும். ஒடைச்ச பச்சரிசி, கம்பு, தின, பறவை தீனி விக்கற கடையில கலந்து விக்கற தானியம், எல்லாம் போடலாம்.

பழந்தின்னிங்களுக்கு பப்பாளி, வாழ, கொய்யா. சாத்தே குச்சியில துண்டு துண்டா குத்தி தொட்டி பக்கத்துல கட்டி வைங்க, குச்சியோட கூர் முனைய வெட்டிருங்க. அவகாடோ வேணாம், அது பறவைக்கு வெஷம். சொக்லெட்டும் அப்படித்தான்.

மிச்சமான ரொட்டி, முறுக்கு, ராத்திரி மீ கொரேங் எல்லாம் போடலாமா? வீணாப் போகுதே

உப்பு, எண்ணெ, மசாலா இருக்கறது எதுவும் கூடாது. வெறும் ரொட்டி கொஞ்சமா போட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா அதுல சத்து கெடையாது, ஈரம் பட்டா அன்னிக்கே பூஞ்சணம்.

யூடியூப்ல கச்சான் வெண்ணெய டிஷ்யூ ரோல்ல தடவி தானியத்துல பொரட்டறாங்க, பிள்ள அதத்தான் செய்யணும்னு அடம் பிடிக்குது

அது குளிர் நாட்டு வேல லா. அங்க பனிக் காலத்துல பறவைக்கு கொழுப்பு வேணும், வெண்ணெ கெட்டியா நிக்கும். இங்க முப்பத்திரண்டு டிகிரியில பத்து மணிக்கே உருகி ஒழுகும், எறும்பு ஊர்வலம் வந்துரும், எண்ணெ எறகுல ஒட்டினா பறவைக்கு தண்ணி தாங்காது. நானும் ஒருவாட்டி செஞ்சு பாத்தேன். சாயந்திரத்துக்குள்ள ஒரு பறவையும் வரல, பக்கத்து வீட்டு நாய்தான் கீழ நின்னு நக்கிட்டு இருந்துச்சு.

பிள்ளைக்கு பொரட்டறதுதான ஆச? நல்லா பழுத்த வாழப்பழத்த மசிச்சு, உரிச்ச சோளக்கட்டையில பூசி தானியத்துல உருட்டச் சொல்லுங்க. கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும், அதுதான் அவங்களுக்கு வேணும். அன்னிக்கே தொங்க விட்டு அன்னிக்கே எறக்கிருங்க.

எங்க தாமான்ல காக்காவும் மைனாவும் தவிர ஒண்ணும் இல்ல. வேற என்ன வரப்போகுது?

இருக்கு, நாமதான் பாக்கறதில்ல. கடைத்தெருவுல குதிக்கற சிட்டுக்குருவிய உத்துப் பாருங்க, வெள்ள கன்னத்துல ஒரு கறுப்பு பொட்டு இருக்கும். தமிழ்நாட்டு வீட்டுக்குருவி வேற, அதுல ஆணும் பொண்ணும் வேற வேற நெறம், நம்ம ஊர்ல பெரும்பாலும் பாக்கறது பொட்டு வச்ச சாதி, இதுல ஆணு பொண்ணு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும். புறாவுல ரெண்டு வரும், கழுத்துக்குப் பின்னால கறுப்பு பட்டையில வெள்ளப் புள்ளி இருந்தா அது மலாய்ல தெகுகூர், ஒடம்புல கோடு கோடா சின்னதா இருந்தா மெர்போக். புல்லுக் காட்டுல கூட்டமா வர்ற சில்லையில ஒரு சாதிக்கு தல மட்டும் வெளுத்து இருக்கும், மலாய்க்காரங்க அதுக்கு பிபிட் உபான்னு பேரு வச்சுருக்காங்க, உபான்னா நர முடி. இத சொன்னதுல இருந்து எங்க பிள்ளைங்க அத தாத்தா குருவின்னுதான் கூப்பிடுதுங்க.

பழம் வச்சா வால் அடியில மஞ்சளா இருக்கற கொண்டக்குருவி வரும், மலாய்ல மெர்பா. அப்புறம் பெர்லிங், தூரத்துல கறுப்பா தெரியும், வெயில்ல பாத்தா பச்சப் பட்டு மாதிரி மின்னும், கண்ணு மட்டும் செவசெவன்னு. சாயந்திரம் கடைத்தெரு மரத்துல கத்தி தீக்கறதுல அதுங்களும் உண்டு. முராய் கம்போங், அதான் நம்ம குண்டுகரிச்சான், புழு பூச்சி தின்றது, தொட்டிக்கு வராது, ஆனா கீழ நெலத்துல வாலத் தூக்கிட்டு சுத்தும்.

ரெண்டு வாரமா தொங்குது, ஒரு குருவி கூட எட்டிப் பாக்கல

மொதல்ல எடத்தப் பாருங்க. வாசக்கதவு பக்கத்துல ஆளு நடமாட்டத்துல தொங்க விட்டா வராது. நடுவெளியில மொட்டையா தொங்கினாலும் வராது, பருந்து வந்தா ஓடி ஒளிய பக்கத்துல செடியோ மரமோ வேணும். ஆனா பூன பாயற அளவுக்கு பக்கத்துல செவுரு இருக்கக் கூடாது. ஆறடி உயரம் சரியா இருக்கும். சன்னல் கண்ணாடி இருந்தா ஒண்ணு அதுக்கு ரொம்ப பக்கத்துல, மூணு அடிக்குள்ள வைங்க, இல்லனா நல்லா தள்ளி வைங்க, நடுவுல வச்சா வேகமா வந்து கண்ணாடியில மோதி விழும்.

அடுத்தது நேரம். நம்ம ஊர்ல விடியறதே ஏழு மணிக்கு, ஏழுல இருந்து ஒம்போது வரைக்கும்தான் அதுங்களுக்கு பசியாறும் நேரம், அப்புறம் சாயந்திரம் அஞ்சுக்கு மேல. பிள்ளைங்க தாடிகாவுக்கு (பாலர் பள்ளிக்கு) கெளம்பறதுக்கு முன்ன போட்டுட்டுப் போகட்டும். மொத நாலு நாளைக்கு தொட்டிக்கு கீழ தரையிலயும் கொஞ்சம் தூவுங்க, புறா மொதல்ல அதத்தான் பாக்கும்.

எறும்பு! பறவைக்கு முன்ன எறும்புதான் சாப்புடுது. எறும்பு சாக் போடலாமா?

சாக் வேணவே வேணாம், அது பூச்சி மருந்து, கோடு போட்ட கையோட பிள்ள விரல வாயில வைக்கும். கயித்துல கிரீஸ் தடவறதும் தப்பு, எறகுல ஒட்டிக்கும்.

பாட்டி காலத்து அலமாரி ஞாபகம் இருக்கா, நாலு காலுக்கும் அடியில தண்ணி கிண்ணம்? அதே யோசனதான். பெரிய போத்தல் மூடி ஒண்ணுல நடுவுல ஓட்டை போட்டு கம்பிய விட்டு, ஓட்டைய சூடான பசையால அடைச்சு, தொட்டிக்கு மேல தொங்க விட்டு மூடியில தண்ணி ஊத்துங்க. எறும்பு கம்பி வழியா எறங்கி தண்ணியோட நின்னுரும். அந்தத் தண்ணிய தெனம் மாத்தணும், ஏன்னு அடுத்த பதில்ல இருக்கு.

குருவிக்கு தண்ணி வைக்கணுமா? டெங்கி வந்தா யாரு பதில் சொல்றது?

தண்ணி வச்சா தீனிய விட அதுக்குத்தான் கூட்டம் வரும், குளிக்கறத பாக்க பிள்ளைங்க விட்டுட்டு நகராது. மண் சட்டியோட அடித்தட்டு போதும், ரெண்டு விரல் ஆழத்துக்கு மேல வேணாம், நடுவுல ஒரு கல்லு.

பயம் நியாயம்தான். ஏடிஸ் கொசு சுத்தமான நின்ன தண்ணியிலதான் முட்ட போடும், முட்டையில இருந்து பறக்கற கொசு ஆக ஏழெட்டு நாள் போதும். வீட்டுல கொசுப்புழு இருந்தா சுகாதார இலாகா 500 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் காம்பவுண்ட், அதான் அபராதம், போடலாம், 1975-ஆம் வருஷத்துல இருந்தே அதுக்கு சட்டம் இருக்கு. அதனால தெனம் காலையில தண்ணிய கொட்டணும். வெறுமனே கொட்டி நிரப்பினா பத்தாது, தண்ணி விளிம்பு இருந்த எடத்துலதான் முட்ட ஒட்டியிருக்கும், காஞ்சாலும் மாசக்கணக்குல உயிரோட கெடக்கும், அந்த விளிம்ப பிரஷ்ஷால தேய்க்கணும். பழைய பல்லு பிரஷ் ஒண்ண பிள்ள கையில குடுத்துருங்க. தெனம் முடியாதுன்னு தோணுச்சுன்னா தண்ணி வைக்காதீங்க, தீனி மட்டும் போதும்.

எங்க அம்மா சனிக்கிழம காக்காவுக்கு சோறு வைக்கறாங்க. இப்ப காக்கா மத்த பறவைய எல்லாம் வெரட்டுது

பெரியவங்க வைக்கறத நிறுத்தச் சொல்ல நான் வரல. அந்தச் சோத்த தொட்டிக்கு எதிர்ப் பக்கம், பின் வாசல்ல வைக்கச் சொல்லுங்க, உப்பு போடாம, ஒரு கை அளவு, காக்கா தின்னதும் மிச்சத்த அள்ளிரணும், நம்ம சூட்டுல சோறு மத்தியானத்துக்குள்ள புளிச்சுரும். தொட்டிக்கு சுத்தி ரெண்டு அங்குல கண்ணு இருக்கற கம்பி வலைய கூண்டு மாதிரி வளைச்சு விட்டா சின்னக் குருவி உள்ள போகும், காக்கா முடியாது. புறாவும் முடியாது, அதுக்கு தரையில தூவுங்க.

ஒரு சுவாரசியம், இந்த வீட்டுக் காக்காவே நம்மள மாதிரி கப்பல்ல வந்ததுதான். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, கோப்பி தோட்டத்துப் புழுவ திங்கறதுக்குன்னு சிலோன்ல இருந்து கிள்ளானுக்கு கொண்டு வந்து விட்டாங்க. கோப்பி போயிருச்சு, காக்கா போகல.

கீழ கொட்டற தீனிக்கு எலி வருது. எலி வந்தா பாம்பு வராதா?

வரும். செம்பனைக் காடு பக்கத்துல இருக்கறவங்களுக்கு இத சொல்லித் தர வேணாம், எலிய தேடித்தான் நாகம் வீட்டுக்குள்ள வர்றதே. எலிக்காய்ச்சலும் அதோட மூத்திரத்துல இருந்துதான் வருது. அதனாலதான் ஒரு கரண்டி தீனின்னு மூணாவது பதில்லயே சொன்னேன். அந்த ஒரு கரண்டி சாயந்திரத்துக்குள்ள தீரலன்னா நாளைக்கு அர கரண்டி. இருட்டறதுக்கு முன்ன தொட்டிய உள்ள எடுத்துட்டு கீழ கூட்டிருங்க. எங்க வீட்டுல இது பெரிய பையன் வேல, அவன் மறந்த ஒரே ராத்திரி எலி கயித்தயே கடிச்சு அறுத்துட்டுப் போயிருச்சு.

எலிக்கு மருந்து வச்சுட்டு பறவைக்கு தீனி வைக்கறவங்களும் இருக்காங்க, ரெண்டையும் ஒரே வீட்டுல செய்யாதீங்க. மருந்து தின்ன எலிய ஆந்தை தின்னா அதுக்கும் கேடு. தோட்டத்துல கம்பத்து மேல மரப்பெட்டி பாத்திருப்பீங்க, அது ஆந்தைக்கு வீடு, எலி பிடிக்கறதுக்குன்னே வச்சது. பிள்ளைங்ககிட்ட அத காட்டுங்க, அதே நேரத்துல காட்டுக்குள்ள செம்பன அடியில கலர் கலரா மெழுகு கட்டி மாதிரி கெடந்தா தொடக்கூடாதுன்னும் சொல்லுங்க, அது எலி மருந்து.

தாத்தா வீட்டுல பழைய பால் மங்கு, அதான் கித்தா பால் பிடிக்கற கிண்ணம், நெறைய கெடக்கு. கம்பி வளையத்தோட இருக்கு, அதுலயே செய்யலாமா?

ஆச எனக்கும் வந்துச்சு. மரத்துல கட்டறதுக்குன்னே செஞ்ச கிண்ணம், கம்பியும் கூடவே, இதவிட என்ன வேணும். பீங்கான் மங்குன்னா காஞ்சு போன ஒட்டுப்பால முழுசா உரிச்சு எடுத்து, சோப்புல ரெண்டு மூணு தடவ கழுவி, ஒரு நாள் வெயில்ல வச்சு எடுத்தா தாராளமா வைக்கலாம். பிளாஸ்டிக் மங்கு வேணாம், பால் உறையறதுக்கும் உறையாம இருக்கறதுக்கும் ஊத்தற அமிலம், அமோனியா வாடை அதுல ஏறியிருக்கும். மங்குல ஓட்டை கெடையாது, தண்ணி தேங்கும், அதனால கூரைக்கு அடியில மட்டும்.

என்கிட்ட இருக்கற ஒரு பையனோட தாத்தா வந்து மங்க பாத்துட்டு, காலையில நாலு மணிக்கு நெத்தி விளக்கோட பால் வெட்டப் போன கத, எங்க அம்மா மங்கு தொடச்ச கதன்னு ஒரு மணி நேரம் பேசினாரு. பிள்ளைங்க வாயப் பொளந்து கேட்டுச்சுங்க. ஆனா களைக்கு, பூச்சிக்கு அடிக்கற மருந்து போத்தல், மருந்து டின் எதையும் தொட்டி செய்ய எடுக்காதீங்க, எத்தன வாட்டி கழுவினாலும் சரி. பாராகுவாட்ங்கற களைக்கொல்லிய 2020-ல தட பண்ணிட்டாங்கதான், ஆனா பழைய போத்தல் ஸ்டோர் மூலையில இன்னும் கெடக்கும்.

தேன்சிட்டுக்கு சீனித் தண்ணி வைக்கலாமா?

நாலு பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு வெள்ளச் சீனி, வேற ஒண்ணும் சேர்க்கக் கூடாது, தேன் வேணாம், கலர் வேணாம். காலையில வச்சத சாயந்திரம் கொட்டிரணும், நம்ம வெயில்ல அது கள்ளாயிரும். உண்மைய சொன்னா இந்த வேலைக்கு நான் ஒரு மாசத்துலயே கும்பிடு போட்டுட்டேன். வேலி ஓரமா இட்லிப்பூவும் செம்பருத்தியும் நட்டு விடுங்க, அதுவா வரும்.

பறவைக் காய்ச்சல் பயமா இருக்கு. பிள்ள எச்சத்த தொட்டா என்ன ஆகும்?

இங்க 2004-லயும் 2017-லயும் கிளந்தான்ல எச்5என்1 வந்துச்சு, கோழிங்களுக்கு. அதுக்காக தோட்டத்து சிட்டுக்குருவிய பாத்து நடுங்க வேணாம், ஆனா எச்சத்துல வேற கிருமிங்களும் இருக்கு, கை கழுவாம இருக்க சாக்கு கெடையாது. தொட்டு முடிச்சதும் சோப்பு போட்டு இருவது எண்ற வரைக்கும் கழுவணும். வாரத்துக்கு ஒருவாட்டி தொட்டிய சோப்பு போட்டு தேய்ச்சு, ஒம்போது பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு குளோரோக்ஸ் (பிளீச்) கலந்து பத்து நிமிஷம் ஊற வச்சு, நல்லா அலசி வெயில்ல காய வைங்க. குளோரோக்ஸ் வேல பெரியவங்களுது. கழுவற பிரஷ் சமையக்கட்டுக்குள்ள வரவே கூடாது.

செத்த பறவைய வெறுங்கையில தொடக்கூடாது. தொட்டிக்கு பக்கத்துல கண்ணு வீங்கியோ எறகு சிலிர்த்து தூங்கி வழிஞ்சுகிட்டோ ஒண்ணு உக்காந்திருந்தா தொட்டிய கழட்டி ரெண்டு வாரம் உள்ள வச்சிருங்க. நெறைய பறவை செத்து கெடந்தா கால்நடை இலாகாவுக்கு சொல்லிருங்க.

தீவாளிக்கு ஊருக்குப் போறோம், பத்து நாளு. அதுங்க பட்டினி கெடந்து செத்துருமா?

சாகாது. நம்ம நாட்டுல பனிக்காலம்னு ஒண்ணு இல்ல, வருஷம் பூரா புல்லு வெத, பழம், பூச்சி இருக்கு. நம்ம தொட்டி அதுங்களுக்கு கோப்பி கட மாதிரி, மூடியிருந்தா அடுத்த கடைக்குப் போயிரும். தண்ணித் தட்ட மட்டும் கவுத்து வச்சுட்டுப் போங்க.

அழகா பாடுதே, ஒண்ண பிடிச்சு கூண்டுல வளத்தா பிள்ளைக்கு சந்தோஷமா இருக்கும்ல?

மெர்போக் வளக்கறவங்க, போட்டிக்கு கொண்டு போறவங்க ஊருக்கு ஊரு இருக்காங்க, எனக்கும் தெரியும். ஆனா காட்டுப் பறவை பலதையும் பிடிக்கவும் வச்சுக்கவும் பெர்ஹிலித்தான் (வனவிலங்கு இலாகா) லைசென்ஸ் வேணும், 2010-ஆம் வருஷத்து 716-வது சட்டம். பிள்ள கையால தீனி போட்டு நம்ப வச்சுட்டு வல போடறது எனக்கு ஒத்து வரல, அவ்ளோதான்.

கூட்டுல இருந்து விழுந்த குஞ்சுன்னா வேற கத. எறகு மொளச்சு தத்தித் தத்தி போற குஞ்சு தொலஞ்சு போகல, பறக்கப் பழகுது, அம்மா பக்கத்துல எங்கயோ பாத்துட்டு இருக்கும். பூனைக்கு எட்டாத கெளையில தூக்கி வச்சுட்டு வந்துருங்க. எறகே இல்லாம செவசெவன்னு இருந்தா கூட்டுலயே திருப்பி வைக்கலாம். மனுஷ வாசன பட்டா தாய் ஒதுக்கிரும்னு சொல்றது அரிசி வெடிக்கற கத மாதிரிதான். அப்புறம் கை கழுவணும்.

என் மகன் ஒரு புறாவுக்கு பேரு வச்சுட்டான், நாலு நாளா வரலன்னு அழுவறான். என்ன சொல்றது?

மொதல்ல அது ஒரே புறாதானான்னு அவனுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, தெகுகூர் எல்லாம் ஒரே அச்சு. முட்ட வச்சிருக்கலாம், ரெண்டு முட்டதான் போடும், ஆணும் பொண்ணும் மாறி மாறி ரெண்டு வாரம் அட காக்கும். இல்ல பூன பிடிச்சிருக்கலாம். எங்க வீட்டுலயும் இதே அழுகாச்சி நடந்துச்சு. எங்க போச்சு எங்க போச்சுன்னு கேட்டதுக்கு தெரியாதுடா கண்ணுன்னுதான் சொன்னேன். மூக்க தொடச்சுட்டு சன்னல்லயே உக்காந்திருந்தான், பத்து நிமிஷத்துல ஒரு மெர்போக் வந்துச்சு, அதுக்கு அதே பேர வச்சுட்டு பசியாறப் போயிட்டான்.